கோர்ட்ல இழுபடாம பிரியுறது எப்படி? அடிக்கடி கேக்குற கேள்விகளும் என் பதிலும்

மதுரையில குடும்ப வழக்கு பாக்குற வக்கீல் நான். ராத்திரி 11 மணிக்கு மேல வாட்ஸ்அப்ல வர்ற மெசேஜ்ல பாதி இந்தக் கேள்விங்கதான், அதுலயும் முக்காவாசி "ஃப்ரெண்டுக்காக கேக்குறேன் மேடம்"னுதான் ஆரம்பிக்கும். ஒவ்வொருத்தருக்கா டைப் பண்ணி முடியல, அதான் மொத்தமா எழுதிடுறேன். பெரும்பாலும் இந்து திருமணச் சட்டப்படி கல்யாணம் ஆனவங்களை மனசுல வெச்சு எழுதிருக்கேன், மத்தவங்களுக்கு கீழ தனியா ஒரு கேள்வி இருக்கு.

கோர்ட்டுக்கே போகாம டைவர்ஸ் வாங்க முடியுமா மேடம்?

முடியாது. இதை முதல்லயே சொல்லிடுறேன், ஏன்னா இதுல ஏமாந்தவங்கதான் ஜாஸ்தி. 20 ரூபா பத்திரத்துல "இன்றிலிருந்து நீ யாரோ நான் யாரோ, எங்களுக்குள் எந்த ஒட்டும் உறவும் இல்லை"ன்னு எழுதி, ரெண்டு பேரும் கையெழுத்து போட்டு, நோட்டரி சீல் குத்தி, லேமினேஷன் வேற பண்ணி எடுத்துட்டு வருவாங்க. பாக்க ஜம்முனு இருக்கும். ஆனா அது டைவர்ஸ் இல்ல. 1955ஆம் வருஷ இந்து திருமணச் சட்டப்படி கல்யாணத்தை முறிக்கிற அதிகாரம் கோர்ட்டுக்குத்தான். சில சமூகங்கள்ல வழக்கமா அத்துவிடுற முறை இருக்கு, அதை 29ஆவது பிரிவு காப்பாத்துது, ஆனா எங்க சமூகத்துல அப்படி ஒரு வழக்கம் காலங்காலமா இருக்குன்னு நாளைக்கு நீங்கதான் ப்ரூஃப் பண்ணணும், அது லேசுப்பட்ட வேலை இல்ல.

ஒருத்தர் அந்த பத்திரத்தை நம்பி ரெண்டாவது கல்யாணமும் பண்ணி குழந்தையும் பிறந்த பிறகு, முதல் மனைவி ஜீவனாம்சம் கேட்டு மனு போட்டாங்க. சட்டப்படி பாத்தா அவங்கதான் இன்னைக்கும் மனைவி. ரெண்டாவதா வந்த பொண்ணு நெலமைதான் பாவம், அவங்களுக்கு எந்தப் பத்திரமும் யாரும் காட்டல.

அப்ப கோர்ட்டுக்கு வெளியில முடிச்சுக்கலாம்னு சொல்றாங்களே, அது என்ன?

சண்டையை வெளியில முடிச்சுக்கலாம், முத்திரை மட்டும் கோர்ட்ல வாங்கணும். பணம் எவ்வளவு, நகை யாருக்கு, பிள்ளை யாருகிட்ட, போட்ட கேஸை எல்லாம் யாரு எப்ப வாபஸ் வாங்குறது, இதெல்லாம் பேசி முடிவு பண்ணி எழுதிட்டு, அதே இந்து திருமணச் சட்டத்துல ரெண்டு பேரும் சம்மதிச்சு டைவர்ஸ் கேக்குற 13பி பிரிவுல ரெண்டு பேரும் சேந்து ஜாயின்ட் மனு போடுறீங்க. அப்படி வந்தா கோர்ட்ல யாரும் யாரையும் கூண்டுல ஏத்தி "நீ அன்னைக்கு ராத்திரி என்ன சொன்ன"ன்னு கேக்கப்போறதில்ல. அதே விஷயத்தை ஒருத்தர் மேல ஒருத்தர் குத்தம் சொல்லி நடத்தினா வாய்தா மேல வாய்தா, வருஷம் ஓடிடும், அதுக்கு மேல அப்பீல் வேற.

வெளியில பேசுறதுக்கு வழி நாலு இருக்கு. வீட்டுப் பெரியவங்க, ரெண்டு பக்க வக்கீலும் உக்காந்து பேசுறது, மீடியேஷன் சென்டர், லோக் அதாலத் (மக்கள் நீதிமன்றம்). லோக் அதாலத்ல ஜீவனாம்சம் மாதிரி விஷயங்களை முடிக்கலாம், டைவர்ஸ் அங்க கெடைக்காது. அங்க போடுற உத்தரவுக்கு சிவில் கோர்ட் தீர்ப்போட பலம் உண்டு, அப்பீல் கெடையாது, அதனால படிச்சுப் பாத்து கையெழுத்து போடுங்க.

மீடியேஷன்னா திரும்ப சேத்து வைக்கிறதுதானே? எனக்கு அது வேணாம்.

இந்த பயத்துலயே பாதி பேர் மீடியேஷன் தேதிக்கு வராம போயிடுறாங்க. ஃபேமிலி கோர்ட்ல கவுன்சிலர்னு ஒருத்தர் இருப்பாங்க, அவங்க முதல்ல சேந்து வாழ வாய்ப்பு இருக்கான்னு பாப்பாங்க. 1984ஆம் வருஷ குடும்ப நீதிமன்றச் சட்டமே சமரசத்துக்கு முயற்சி பண்ணணும்னு கோர்ட்டுக்கு சொல்லுது. மீடியேட்டர் வேலை அதுல இருந்து வேற. சேர்றீங்களோ பிரியறீங்களோ, நீங்க ரெண்டு பேரும் ஒத்துக்கிற ஒரு முடிவுக்கு வர உதவி பண்றதுதான் அவர் வேலை. தீர்ப்பு சொல்ற அதிகாரம் அவருக்கு இல்ல. "அட்ஜஸ்ட் பண்ணிக்கோம்மா, எல்லா வீட்லயும் இருக்கிறதுதான்"னு யாராவது ஆரம்பிச்சா "சார், நான் பிரியறதுக்கான டெர்ம்ஸ் பேசத்தான் வந்திருக்கேன்"னு மரியாதையா சொல்லிடுங்க. சொல்லலாம், தப்பில்ல.

ஊர்ப் பெரியவங்க வெச்சு பேசி முடிச்சாச்சு. அது போதாதா?

பேசினது நல்லதுதான். பாதி குடும்பத்துல உண்மையான பேச்சு தாய்மாமன் வீட்டுத் திண்ணையிலதான் நடக்குது, நான் அதைக் கொறை சொல்ல மாட்டேன். ஆனா பேசி முடிக்கிறது வேற, முடிச்சதை எழுதி கோர்ட் முத்திரை வாங்குறது வேற. மண்டபத்துல வெச்சு "8 லட்சம் தர்றோம்"னு சொல்லி 3 லட்சம் கைல குடுத்து, மிச்சத்துக்கு "சம்பந்தி, நம்ம வாக்கு வாக்குதான்"னு சொன்னதை நம்பி, ரெண்டு வருஷமா அலையுற அப்பா ஒருத்தர் எங்கிட்ட வந்தாரு. வாக்கு குடுத்தவர் செத்தே போயிட்டாரு, மகன்கிட்ட கேட்டா "எங்கப்பா சொன்னது எனக்குத் தெரியாது"ங்கிறான்.

இன்னொண்ணு, பஞ்சாயத்துல ஆள் பலத்தை வெச்சு மிரட்டி கையெழுத்து வாங்குறது, ஊரை விட்டு ஒதுக்கி வைக்கிறது, இதெல்லாம் கட்டப்பஞ்சாயத்து. அதுல போட்ட கையெழுத்துக்கு பயந்து ஒடுங்கிடாதீங்க.

மீடியேஷன் ரூம்ல என்னதான் நடக்கும்?

மெட்ராஸ் ஹைகோர்ட்ல 2005லயே மீடியேஷன் சென்டர் ஆரம்பிச்சாங்க, கோர்ட்டோட சேந்த மாதிரி நாட்டுல அதுதான் முதல். இப்ப மாவட்ட கோர்ட்கள்லயும் இருக்கு. ஒரு மேஜை, நாலஞ்சு சேர், தண்ணி பாட்டில், அவ்வளவுதான். கோட்டு கவுன் இல்ல, "மை லார்ட்" இல்ல. முதல்ல ரெண்டு பேரையும் சேத்து உக்கார வெச்சு ரூல்ஸ் சொல்வாங்க: குறுக்க பேசக்கூடாது, கெட்ட வார்த்தை கூடாது, இங்க பேசினது வெளிய போகாது. அப்புறம் தனித்தனியா கூப்பிட்டு பேசுவாங்க. நெஜமான விஷயம் எல்லாம் அந்த தனி ரூம்லதான் வெளிய வரும், ஏன்னா அம்மா பக்கத்துல இல்ல, அண்ணன் முறைச்சுப் பாக்கல.

ஒரு கேஸ்ல பணம் செட்டில் ஆயிடுச்சு, நகை செட்டில் ஆயிடுச்சு, பிள்ளை விஷயமும் முடிஞ்சுது, கடைசில ஒரு வெட் கிரைண்டர்ல வந்து நின்னுடுச்சு. ரெண்டு உக்காரல் அதுக்கே போச்சு. விலை என்ன பெரிய விலை, நானே வாங்கித் தந்துடலாம்னு தோணிடுச்சு. மீடியேட்டரம்மா பொறுமையா தனியா கூப்பிட்டு கேட்டப்பதான் தெரிஞ்சுது, அந்தப் பொண்ணோட அப்பா சாகறதுக்கு முன்னாடி அவர் கையால கடைசியா வாங்கிக் குடுத்த சீர் அது. பையனுக்கு அது தெரியவே தெரியாது. தெரிஞ்ச அன்னைக்கு சாயங்காலமே ஆட்டோவுல ஏத்தி அனுப்பிட்டான். கூண்டுல நிக்க வெச்சு குறுக்கு விசாரணை பண்ணியிருந்தா இது வெளிய வந்திருக்குமான்னு நீங்களே யோசிச்சுக்கோங்க.

அங்க நான் சொன்னதை பின்னாடி கோர்ட்ல எனக்கு எதிரா யூஸ் பண்ணுவாங்களா?

கூடாது. செட்டில் ஆச்சுன்னா மீடியேட்டர் கோர்ட்டுக்கு ஒப்பந்தத்தை மட்டும் அனுப்பணும், ஆகலைன்னா "ஆகல"ன்னு மட்டும் எழுதணும், யாரு என்ன சொன்னாங்கன்னு ரிப்போர்ட்ல வரக்கூடாதுன்னு சுப்ரீம் கோர்ட்டே சொல்லியிருக்கு. 2023ல வந்த மீடியேஷன் சட்டத்துலயும் ரகசியத்துக்குன்னே பிரிவு வெச்சிருக்காங்க. "5 லட்சத்துக்கு ஒத்துக்கிறேன்"னு அங்க வாய் விட்டுட்டா அதுவே உங்க ரேட் ஆயிடாது. ஆனா ஃபோன்ல ரெக்கார்ட் பண்ற வேலை மட்டும் வேணாம், கண்டுபிடிச்சாங்கன்னா இருக்கிற கொஞ்ச நம்பிக்கையும் போயிடும்.

செலவு?

கோர்ட் அனுப்பி வைக்கிற மீடியேஷனுக்கு நீங்க ஃபீஸ் கட்ட வேண்டியதில்ல. வெளிய தனியார் மீடியேட்டர் வெச்சா அவர் கேக்குறது. வக்கீலுக்கு காசு இல்லைன்னா, 1987ஆம் வருஷ சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்துல பெண்களுக்கு வருமானம் எவ்வளவா இருந்தாலும் இலவச வக்கீல் உண்டு. நல்லா சம்பாதிக்கிற பொண்ணுக்கும் உண்டு, இது நெறைய பேருக்குத் தெரியாது. பட்டியல் இனத்தவர், மாற்றுத்திறனாளிகளுக்கும் அப்படித்தான். உங்க மாவட்ட கோர்ட் வளாகத்துல சட்டப் பணிகள் ஆணைக்குழு ஆபீஸ் இருக்கும், நேர்ல போங்க, இல்ல 15100க்கு கூப்பிடுங்க. கேஸ் போடறதுக்கு முன்னாடியே அவங்க மூலமா எதிர்த்தரப்பை பேச்சுக்கு கூப்பிடலாம்.

மகளிர் ஸ்டேஷன்ல பேசி முடிச்சுத் தர்றேன்னாங்க, போலாமா?

1992ல சென்னை ஆயிரம் விளக்குல முதல் மகளிர் ஸ்டேஷன் வந்ததுல இருந்து நம்ம ஊர்ல குடும்பச் சண்டைன்னா முதல் கதவு அதுதான். கம்ப்ளைன்ட் குடுத்தா பெரும்பாலும் சிஎஸ்ஆர் ரசீது (கம்ப்ளைன்ட் வாங்கினதுக்கு அத்தாட்சி) குடுத்துட்டு ரெண்டு பக்கத்தையும் கூப்பிட்டு பேசுவாங்க. கணவன் மனைவி விவகாரத்துல எஃப்ஐஆருக்கு முன்னாடி விசாரிச்சுக்கலாம்னு சுப்ரீம் கோர்ட் 2013ல லலிதா குமாரி தீர்ப்புல சொல்லியிருக்கு, அதனால அது தப்பில்ல. நகை, சர்டிஃபிகேட், குழந்தை துணிமணி மாதிரி உடனடியா வாங்க வேண்டியதை அங்க வாங்கிடலாம், அதுக்கு அந்த எடம் நல்லாவே வேலை செய்யும். ஆனா "இனிமே ஒருத்தருக்கொருத்தர் சம்பந்தமில்லை"ன்னு ஸ்டேஷன்ல எழுதி வாங்கினா அதுவும் டைவர்ஸ் இல்ல. மேல சொன்ன 20 ரூபா பத்திரத்தோட தம்பி அது.

அடி உதை இருக்கிற வீட்டுக்கும் மீடியேஷன்தானா?

இல்ல. ஒருத்தர் இன்னொருத்தரைப் பாத்து நடுங்கிட்டு இருக்கிற எடத்துல பேச்சுவார்த்தைங்கிறதே பொய். முதல்ல பாதுகாப்பு. 2005ஆம் வருஷ குடும்ப வன்முறைச் சட்டத்துல அந்த வீட்டுலயே இருக்கிற உரிமை, கிட்ட வரக்கூடாதுன்னு பாதுகாப்பு உத்தரவு, செலவுக்குப் பணம் எல்லாம் கேக்கலாம். 181க்கு கூப்பிடுங்க, மாவட்ட சமூக நல அலுவலகத்துல பாதுகாப்பு அலுவலர் இருப்பாங்க. உத்தரவு கைக்கு வந்து, தனியா ஒரு எடத்துல நிம்மதியா தூங்கி எழுந்த பிறகு, நீங்களா விரும்பினா பேசலாம். அப்பவும் ரெண்டு பேரும் ஒரே ரூம்ல உக்காரணும்னு கட்டாயம் இல்ல, தனித்தனியா பேசச் சொல்லிக் கேளுங்க. நிறுத்திக்கிறேன்னு எப்ப வேணா எந்திரிச்சு வரலாம்.

6 மாசம் கட்டாயம் காத்திருக்கணுமா?

ரெண்டு கணக்கு இருக்கு, குழப்பிக்காதீங்க. மனு போடறதுக்கு முன்னாடி ஒரு வருஷம் பிரிஞ்சு இருந்திருக்கணும். பிரிஞ்சுன்னா தனித்தனி வீடுதான்னு இல்ல, ஒரே கூரைக்குக் கீழ இருந்துகிட்டு கணவன் மனைவியா வாழலைன்னாலும் அது பிரிவுதான். அப்புறம் மனு போட்டதுல இருந்து 6 மாசம் கழிச்சு, 18 மாசத்துக்குள்ள ரெண்டாவது தடவை போய் "ஆமா, இன்னும் அதே முடிவுதான்"னு சொல்லணும். இந்த 6 மாசத்தை கோர்ட் தள்ளுபடி பண்ணலாம்னு 2017ல அமர்தீப் சிங் தீர்ப்புல சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு. ஆனா சும்மா கேட்டா குடுக்க மாட்டாங்க: பிரிஞ்சு ஒன்றரை வருஷம் ஆகியிருக்கணும், சமரச முயற்சி தோத்திருக்கணும், பணம் பிள்ளை எல்லாம் செட்டில் ஆகியிருக்கணும். வெளிய ஒழுங்கா பேசி முடிச்சுட்டு வந்தவங்களுக்கு இது சீக்கிரம் கெடைக்குது, கணக்கு முடியாம வந்தவங்களுக்கு இழுக்குது.

கையெழுத்து போட்டுட்டு நடுவுல அவர் மனசு மாறிட்டா?

தீர்ப்பு வர்ற நிமிஷம் வரைக்கும் ரெண்டுல யாரு வேணா பின்வாங்கலாம், 1991லயே சுப்ரீம் கோர்ட் சொன்னது. அதனாலதான் பணத்தை ஒரே தவணையா குடுக்காதீங்க, வாங்குறவங்களும் எல்லா கேஸையும் முதல் நாளே வாபஸ் வாங்கிடாதீங்கன்னு தலைப்பாடா அடிச்சுக்கிறேன். நான் பண்ற முறை: முதல் மனு அன்னைக்கு ஒரு பங்கு, ரெண்டாவது தடவை கோர்ட் ஹால்ல ஜட்ஜ் முன்னாடி டிடியா மிச்சம். கைல ரொக்கமா வேணாம். டிடி நம்பரை ஒப்பந்தத்துலயே எழுதிடணும். ஒரு பக்கம் ஒரு அடி வெச்சா இன்னொரு பக்கம் ஒரு அடி, அப்படித்தான் நகரணும்.

ஒப்பந்தத்துல என்னென்ன எழுதணும்?

இதுலதான் எல்லாரும் கோட்டை விடுறாங்க. "இருவரும் சுமுகமாகப் பேசி முடித்துக்கொண்டோம்"னு ஒரு வரி எழுதினா அது ஒப்பந்தம் இல்ல, கல்யாணப் பத்திரிகை. நகைன்னா எத்தனை பவுன், என்னென்ன உருப்படி, இப்ப எங்க இருக்கு, பேங்க் லாக்கர்லயா அடகுலயா, அடகுன்னா மீட்டுத் தர்றது யாரு. பணம்னா எவ்வளவு, எந்த தேதி, எந்த அக்கவுன்ட். இது மொத்த ஜீவனாம்சமா, இல்ல நகைக்குப் பதிலா குடுக்குற காசான்னு பிரிச்சு எழுதுங்க.

ரெண்டு பேர் பேர்லயும் ஃப்ளாட் இருந்தா தனிப் பாரா வேணும். யாரு விட்டுக் குடுக்கிறாங்க, இஎம்ஐ இனி யாரு கட்டுறது, பேங்க் ஒத்துக்குச்சா. நீங்களும் அவரும் ஒப்பந்தம் போட்டதால பேங்க் உங்களை லோன்ல இருந்து விட்டுடாது, பேங்கோட நோட்டீஸ் உங்க வீட்டுக்கும் வரும். விடுதலைப் பத்திரம் (தன் பங்கை விட்டுக் குடுக்கிற பத்திரம்) பதியறதா இருந்தா டைவர்ஸுக்கு முன்னாடியே ஆவண எழுத்தர்கிட்ட கேட்டுடுங்க, குடும்பத்துக்குள்ள எழுதிக்கிறதுக்கு முத்திரைத்தாள் சலுகை உண்டு, தீர்ப்பு வந்த பிறகு நீங்க ஒரு குடும்பம் இல்லையே.

கேஸுங்களை நம்பரோட வரிசையா எழுதணும். எதை யாரு எப்ப வாபஸ் வாங்குறது. வரதட்சணைக் கொடுமை கேஸ், பழைய இந்திய தண்டனைச் சட்டத்துல 498ஏ, இப்ப பாரதிய நியாய சன்ஹிதா (பிஎன்எஸ்) 85, அதை "வாபஸ்"னு ஒரு பேப்பர் குடுத்து முடிக்க முடியாது, ஹைகோர்ட் போய்த்தான் ரத்து பண்ணணும், நம்ம பக்கத்துக்காரங்களுக்கு மதுரை பெஞ்ச். அதுக்கு மனைவி ஒத்துழைக்கணும்னு ஒப்பந்தத்துல வரி இருக்கணும், எந்தத் தவணை வாங்கின பிறகு கையெழுத்துன்னும் இருக்கணும். அப்புறம் சின்னச் சின்னது: ரேஷன் கார்டு பேர் நீக்கம், இன்சூரன்ஸ் நாமினி, ஒரிஜினல் டிகிரி சர்டிஃபிகேட், ஃபேஸ்புக்ல இருக்கிற கல்யாண ஃபோட்டோ. சிரிக்காதீங்க, இந்தக் கடைசி ஐட்டத்துக்கு தனி சண்டையே பாத்திருக்கேன்.

பிள்ளை யாருகிட்ட இருக்கும்?

சட்டம் பிள்ளையோட நலனைத்தான் பாக்கும், அம்மா உரிமையா அப்பா உரிமையான்னு பாக்காது. 5 வயசுக்கு உள்ளன்னா பொதுவா அம்மாகிட்ட. ஆனா பேசி முடிக்கறதுல இருக்கிற சௌகரியம் என்னன்னா, கோர்ட்ல "மாதம் ரெண்டு சனிக்கிழமை, கோர்ட் வளாகத்துல"ன்னு பொதுவா வர்ற உத்தரவை விட நீங்க நல்லா எழுதிக்கலாம். பொங்கல் யாரு வீட்ல, தீபாவளி யாரு வீட்ல, கோடை லீவு எப்படிப் பாதி, தினமும் எத்தனை மணிக்கு வீடியோ கால், ஸ்கூல் பேரன்ட்ஸ் மீட்டிங்குக்கு ரெண்டு பேரும் போலாமா, பாஸ்போர்ட்டுக்கு கையெழுத்து, காது குத்துக்கு தாய்மாமன் மடியா அத்தை மடியா வரைக்கும் எழுதின ஒப்பந்தம் எங்கிட்ட இருக்கு.

"பிள்ளைக்கு எதுவும் வேணாம்"னு கோவத்துல அம்மா எழுதிக் குடுத்தாலும் பிள்ளையோட ஜீவனாம்ச உரிமை போயிடாது. கஸ்டடியும் கல்வெட்டு இல்ல, சூழ்நிலை மாறினா மாத்தக் கேக்கலாம்.

அவர் சொத்துல பாதி எனக்கு வருமா?

வராது. அது இங்கிலீஷ் படத்துல. நம்ம சட்டத்துல பாதிப் பாதி கெடையாது, ஜீவனாம்சம் இருக்கு, உங்க சீதனம் (கல்யாணத்துல உங்களுக்குன்னு குடுத்த நகை, பொருள்) உங்களுக்கு. 2020 நவம்பர்ல சுப்ரீம் கோர்ட்டோட ரஜ்னேஷ் தீர்ப்பு வந்ததுல இருந்து ஜீவனாம்சம் கேட்டா ரெண்டு பேரும் வருமானம், சொத்து, கடன் எல்லாத்தையும் அஃபிடவிட்டா குடுக்கணும். மீடியேஷன் மேஜைக்குப் போகும்போதும் அந்த ஃபார்ம்ல இருக்கிற விவரத்தைக் கேளுங்க, கணக்கு தெரியாம தொகை பேசக்கூடாது.

நான் துபாய்ல இருக்கேன், அவ திருச்சில. ஒவ்வொரு தடவையும் வரணுமா?

வேண்டியதில்ல. வீடியோ கான்ஃபரன்ஸ்லயும், அப்பா அம்மா மாதிரி நெருங்கின சொந்தம் மூலமாவும் நடத்தலாம்னு மேல சொன்ன 2017 அமர்தீப் சிங் தீர்ப்புல இருக்கு, ஜட்ஜ் அனுமதிக்கணும். பவர் பத்திரத்தை தூதரகத்துல அட்டெஸ்ட் பண்ணி அனுப்புங்க. பேச்சு மட்டும் நீங்களே பேசுங்க, அப்பாவை அனுப்பினா அவர் உங்க கல்யாணத்தைப் பத்திப் பேசமாட்டாரு, சம்பந்திகிட்ட பட்ட அவமானத்தைப் பத்திதான் பேசுவாரு.

நாங்க கிறிஸ்தவங்க / முஸ்லிம்கள், எங்களுக்கு?

கிறிஸ்தவங்களுக்கு 1869ஆம் வருஷ விவாகரத்துச் சட்டத்துல 10ஏ பிரிவுல இதே மாதிரி சம்மத டைவர்ஸ் இருக்கு, பிரிவுக்காலம் அதுல ரெண்டு வருஷம்னு எழுதியிருக்கு. சர்ச்ல கல்யாணத்தை ரத்து பண்றது வேற, கோர்ட் தீர்ப்பு வேற, ஒண்ணு இன்னொண்ணுக்கு ஈடாகாது. முஸ்லிம்கள் ரெண்டு பேரும் சம்மதிச்சா முபாரத் இருக்கு, மனைவி கேட்டா குலா இருக்கு. ஆனா ஜமாத் மாதிரி தனியார் அமைப்பு குடுக்கிற குலா சர்டிஃபிகேட் செல்லாது, ஃபேமிலி கோர்ட் போங்கன்னு 2023ல மெட்ராஸ் ஹைகோர்ட் சொல்லிடுச்சு. ரிஜிஸ்டர் மேரேஜ் பண்ணி ஸ்பெஷல் மேரேஜ் ஆக்ட்ல இருக்கிறவங்களுக்கு 28ஆவது பிரிவு, நடைமுறை 13பி மாதிரியேதான்.

வக்கீல் வேணுமா வேணாமா?

என்னையே கேக்குறீங்க பாருங்க. ஃபேமிலி கோர்ட்ல வக்கீல் வெச்சுக்கிறது உரிமை இல்ல, கோர்ட் அனுமதிக்கணும், நடைமுறையில அனுமதிக்கிறாங்க. பேசறதுக்கு வக்கீல் இல்லாமலும் போலாம், ஆனா எழுதினதை ஒருத்தர்கிட்ட காட்டாம கையெழுத்து போடாதீங்க. ரெண்டு பேருக்கும் ஒரே வக்கீல்னா காசு மிச்சம், ஆனா இழுபறி வந்தா அவர் யாரு பக்கம்? முதல் நாளே "அவனை உள்ள தள்ளிடலாம், குடும்பத்தையே ஏத்திடலாம்"னு சொல்ற வக்கீல்கிட்ட இருந்து ஃபைலை வாங்கிட்டு வந்துடுங்க. "முதல்ல ஒரு தடவை பேசிப் பாத்தீங்களா?"ன்னு கேக்கிறவர்கிட்ட குடுங்க.

பேச்சு முறிஞ்சு போச்சுன்னா?

கேஸ் விட்ட எடத்துல இருந்து கோர்ட்ல நடக்கும், நஷ்டம் ஒண்ணுமில்ல. முறிஞ்ச பேச்சு ஒரு வருஷம் கழிச்சு ஒட்டினதும் உண்டு, முக்கியமா மாமியாரோ மச்சானோ ஊருக்குப் போயிருக்கிற சமயத்துல.

தீர்ப்பு வந்தாச்சு. இனி என்ன?

சர்டிஃபைட் காப்பி ரெண்டா அப்ளை பண்ணுங்க, ஒண்ணை வீட்ல வைங்க, ஒண்ணை அம்மா வீட்ல. ஒப்பந்தத்தோட காப்பியும் சேத்து வாங்கணும், தீர்ப்பு காப்பி மட்டும் வாங்கிட்டு ஒப்பந்தத்தை வாங்காம விட்டவங்க மூணு வருஷம் கழிச்சு ஸ்கூல் ஃபீஸ் பிரச்சனைக்கு ரெக்கார்ட் ரூம்ல போய் நிக்கிறாங்க. சம்மத டைவர்ஸுக்கு அப்பீல் இல்லாததால மறுகல்யாணத்துக்கு அப்பீல் கெடு முடியட்டும்னு காத்திருக்க வேண்டியதில்ல. ஆதார், பேங்க், பிஎஃப் நாமினி எல்லாம் அந்த வாரமே மாத்திடுங்க. பிஎஃப்பை மறந்துடுவீங்க, அதனால அதை முதல்ல.